உளச்சார்புப் பரீட்சை: புள்ளி எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

ஞாயிறு காலையில் திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, எண், சொல், உருவம் கொண்டு சிந்திக்கும் திறனைச் சோதிக்கும் உளச்சார்பு (aptitude) வினாத்தாள் செய்வோம். மூதூரிலிருந்து வருகிறவர்கள் உண்டு, கிண்ணியாப் பாலம் கடந்து வருகிறவர்கள் உண்டு, உவர்மலையிலிருந்து சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு. கூடுதலானோர் அரசாங்கப் போட்டிப் பரீட்சைக்குப் படிப்பவர்கள். பல்கலைக்கழகத்தில் சில பாடநெறிகளுக்கு வைக்கும் உளச்சார்புப் பரீட்சைக்கும், வங்கி வேலைக்கும் ஆயத்தம் செய்பவர்கள் சிலர்.

எல்லாரிடமும் கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான். "அக்கா, எத்தனை தாள் செய்தும் புள்ளி ஏறுதில்லை." அதற்கு "இன்னும் பத்துத் தாள் செய்" என்று பதில் சொல்லும் இடங்கள் நிறைய இருக்கின்றன. அது பிழையான மருந்து என்பது என் உறுதியான எண்ணம். வள்ளத்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக் கயிற்றை நூறு தரம் இழுத்துக்கொண்டிருக்க மாட்டார். எண்ணெய் வருகிறதா, பிளக் நனைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். உங்கள் புள்ளியும் எல்லா இடத்திலும் போகவில்லை, ஓரிரண்டு இடத்தில்தான் ஒழுகுகிறது. அந்த இடம் தெரிந்தால் மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும்.

கீழே உள்ளதை முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டியதில்லை. முதல் பகுதியை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். அப்புறம் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள்.

முதலில்: இரண்டு பேனைச் சோதனை

இதுவரை செய்யாத கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுங்கள். பரீட்சைக்கு உரிய நேரத்தை மணிக்கூட்டில் வைத்து, நீலப் பேனையால் செய்யுங்கள். நேரம் முடிந்ததும் பேனையை மாற்றுங்கள். மிச்சமுள்ள வினாக்களையும், சந்தேகமான வினாக்களையும் சிவப்புப் பேனையால் ஆறுதலாக, நேரம் பார்க்காமல் செய்யுங்கள். பிறகு திருத்துங்கள்.

இப்போது இரண்டு புள்ளி கிடைக்கும். நீலத்தில் எத்தனை சரி, சிவப்பு சேர்ந்தால் எத்தனை சரி. எங்கள் விறாந்தையில் ஒரு தங்கச்சிக்கு 50 வினாவில் நீலத்தில் 27 சரி, சிவப்பில் இன்னும் 11 சரி. அவருக்குப் பக்கத்தில் இருந்த தம்பிக்கு நீலத்தில் 28, சிவப்பில் ஒன்றே ஒன்று. பார்வைக்கு இருவரும் ஒரே தரம். ஆனால் தங்கச்சிக்கு வழி தெரியும், நேரம் போதவில்லை. தம்பிக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுத்தாலும் அந்த வினாக்கள் வராது, வழி தெரியாது. இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் ஒருவருக்காவது நட்டம்.

அடுத்தது, பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். வினாவைப் பிழையாக வாசித்திருந்தால் 'வா'. வழி தெரியாவிட்டால் 'வ'. வழி சரி, கூட்டல் கழித்தலில் பிழை என்றால் 'க'. நேரம் இல்லாமல் விட்டது 'நே'. விடை தெரிந்தும் விடைத்தாளில் மாறிக் குறித்தது 'கு'. இதற்கென ஒரு கொப்பி வையுங்கள். மூன்று தாள் முடிந்ததும் எந்த எழுத்து அதிகம் என்று எண்ணிப் பாருங்கள். அதுதான் உங்கள் அறிகுறி.

இந்தக் கொப்பியில் பொய் எழுதக் கூடாது. 'வ' போட வேண்டிய இடத்தில் "கவனமில்லாமல் விட்டுட்டன்" என்று 'க' போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வழி தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. அந்த இடத்தில்தான் மாதக்கணக்கு வீணாகப் போகிறது.

அறிகுறி: நேரம் முடிகிறது, பத்துப் பதினைந்து வினா மிச்சம்

50 வினாவுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் ஒரு வினாவுக்கு 72 செக்கன். ஆனால் எல்லா வினாவுக்கும் 72 செக்கன் கொடுப்பது திட்டம் அல்ல. சில வினா 20 செக்கனில் முடியும், சிலது மூன்று நிமிடம் கேட்கும். எல்லா வினாவுக்கும் ஒரே புள்ளி என்றால், மூன்று நிமிட வினாவில் உட்கார்ந்திருப்பவர் பின்னால் இருக்கும் நான்கைந்து சுலப வினாவை விட்டுக்கொடுக்கிறார்.

மூன்று சுற்றாகச் செய்யுங்கள். முதல் சுற்றில் வினாவை வாசித்து 20 செக்கனுக்குள் வழி தெரிகிறதா என்று பாருங்கள். இங்கே கேட்பது விடையை அல்ல, வழியை. தெரிந்தால் செய்யுங்கள். தெரியாவிட்டால் வினா இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். 35 நிமிடத்துக்குள் கடைசி வினா வரை ஒரு தரம் போயிருக்க வேண்டும். இரண்டாம் சுற்று வட்டம் போட்டவற்றுக்கு. கடைசி ஐந்து நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்கவும் ஊகிக்கவும்.

சொல்ல எளிது. வட்டம் போட்டு விட்டுப்போவதுதான் கஷ்டம். நன்றாகப் படித்த பிள்ளைகளுக்குத்தான் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கையும் விடக்கூடாது என்று பழக்கியிருக்கிறோம். அதனால் இதைத் தனியாகப் பழக வேண்டும். ஒரு வாரத்துக்கு, தினமும் 20 வினா எடுத்து ஒன்றையும் செய்யாமல் "செய்வேன், விடுவேன்" என்று மட்டும் பிரித்துப் பழகுங்கள். பிறகு செய்து பார்த்து, பிரித்தது சரியா என்று பாருங்கள்.

கை வேகம் குறைவு என்றால் அதற்கு மருந்து மனனம்தான். 20 வரை வாய்ப்பாடு, 25 வரை வர்க்கம், 10 வரை கனம். கால் பங்கு 25%, அரைக்கால் 12.5%, ஐந்தில் ஒன்று 20% என்பவை கேட்டவுடன் வர வேண்டும். பரீட்சையில் கணிப்பான் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு, வீட்டிலும் அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: எண் தொடர் என்றாலே கை நின்றுவிடுகிறது

இது பலருக்கு உள்ளது, ஆறுதலாகப் பார்ப்போம். எண் தொடர் கெட்டித்தனத்துக்கான சோதனை போலத் தெரிந்தாலும், பெரும்பாலும் ஐந்தாறு சாவிகளை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கிற வேலைதான். சாவிக்கொத்தை உலுக்கிக்கொண்டு நின்றால் பூட்டுத் திறக்காது.

முதல் சாவி, வித்தியாசம். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில், கீழே, வித்தியாசத்தை எழுதுங்கள். மனதில் வைக்காதீர்கள், எழுதுங்கள். 4, 9, 19, 39, ? என்ற தொடரில் வித்தியாசம் 5, 10, 20. அது இரட்டித்துப் போகிறது. அடுத்தது 40, விடை 79. இதையே "இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு" என்றும் பார்க்கலாம். இரண்டு வழியும் ஒரே விடையைத் தந்தால் விடை உறுதி.

வித்தியாசம் மிக வேகமாகப் பெருகினால் பெருக்கலைப் பாருங்கள். 2, 4, 12, 48, ? என்பதில் 2, 3, 4 என்று பெருக்கி வந்திருக்கிறார்கள். அடுத்தது 5ஆல், 240.

வித்தியாசம் ஏறியும் இறங்கியும் வந்தால், அதாவது ஒரு தரம் கூடி ஒரு தரம் குறைந்தால், அநேகமாக இரண்டு தொடரைப் பின்னலாகக் கலந்திருக்கிறார்கள். 5, 20, 8, 17, 11, 14, ? என்பதை ஒன்றுவிட்டு ஒன்று வாசியுங்கள். 5, 8, 11 ஒரு தொடர். 20, 17, 14 இன்னொன்று. அடுத்து வருவது முதல் தொடரின் முறை, விடை 14. இந்த வகையைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு: தொடர் வழமையை விட நீளமாக இருக்கும். ஏழெட்டு எண் கொடுத்திருந்தால் முதலிலேயே பின்னலைச் சந்தேகியுங்கள்.

இவை ஒன்றும் திறக்காவிட்டால் வர்க்கத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். 2, 5, 10, 17, 26 என்பது 1, 4, 9, 16, 25 உடன் ஒவ்வொன்று கூட்டியது, அடுத்தது 37. அதுவும் இல்லை என்றால் 2, 3, 5, 7, 11, 13 போல முதன்மை எண்களா என்று பாருங்கள். அதற்கு மேல் நிற்காதீர்கள், வட்டம் போட்டுவிட்டுப் போங்கள்.

எழுத்துத் தொடரில் நம் பிள்ளைகள் சறுக்குவதற்குக் காரணம் வேறு. உயிரெழுத்து வரிசை எல்லாருக்கும் தெரியும். மெய்யெழுத்தை "க, ங, ச, ஞ" என்று தொடக்கத்திலிருந்து பாடினால்தான் வரும், நடுவிலிருந்து கேட்டால் வராது. க 1, ட 5, ப 9, வ 14, ன 18 என்று சில எழுத்துக்கு இலக்கம் ஆணி அடித்தது போலப் பதிய வேண்டும். பரீட்சை தொடங்கியதும் பக்க ஓரத்தில் பதினெட்டையும் இலக்கத்துடன் எழுதி வைப்பது இன்னும் நல்லது, அரை நிமிடம்தான் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. க, ச, ட, த, ப என்ற தொடருக்கு அடுத்தது என்ன? ஒன்றுவிட்டு ஒன்று என்று போனால் ய. வல்லினம் என்று பார்த்தால் ற. இரண்டும் நியாயமான விதி. அப்போது தெரிவுகளைப் பார்க்க வேண்டும்: ய இருந்து ற இல்லாவிட்டால் விடை ய. உங்களுக்குத் தோன்றிய விதி எவ்வளவு அழகாக இருந்தாலும், தெரிவுகளில் அதற்கு இடம் இல்லை என்றால் அதை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: கணக்கு வழி தெரியும், விடை மட்டும் பிழை

கொப்பியில் 'க' அதிகம் என்றால் முதலில் உங்கள் எழுத்தைப் பாருங்கள். மூலையில் குறுக்கி எழுதிய 1 மறுபடி பார்க்கும்போது 7 ஆகிவிடும். இரண்டு வாரம் பெரிதாக எழுதிப் பாருங்கள், பாதிப் பிழை போய்விடும்.

மிச்சப் பாதி உண்மையில் கூட்டல் பிழை அல்ல, பொறியில் விழுவது. மூன்று பொறியைச் சொல்கிறேன்.

மீன் விலை 20% கூடி, பிறகு 20% குறைந்தது. பழைய விலைக்கு வந்துவிட்டதா? இல்லை. 100 ரூபா 120 ஆகும், 120இன் 20% 24, ஆக 96. சதவீத வினா எதுவானாலும் 100 ரூபாவில் தொடங்குங்கள்.

போகும்போது மணிக்கு 40 கிலோமீற்றர், திரும்பும்போது 60. சராசரி வேகம் 50 என்று எழுதத் தோன்றும். தூரம் 120 என்று வைத்துப் பாருங்கள்: போக 3 மணித்தியாலம், வர 2. மொத்தம் 240 கிலோமீற்றர், 5 மணித்தியாலம், சராசரி 48. மெதுவாகப் போன நேரம் அதிகம், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது.

6 பேர் 10 நாளில் முடிக்கும் வேலையை 4 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? பேனை வைக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆள் குறைந்தால் நாள் கூடுமா, குறையுமா? கூடும். ஆகவே 10ஐ விடக் குறைந்த தெரிவுகளை அப்போதே வெட்டிவிடலாம். 60 ஆள்நாள், நாலால் வகுக்க 15.

அறிகுறி: இரண்டு விடையும் சரியாகத் தெரிகிறது

சொல் ஒப்புமையிலும், பொருந்தாததைத் தெரிதலிலும் இது வரும். இங்கே பிழை, உறவைத் தளர்வாகப் பிடிப்பது.

வள்ளம் : துடுப்பு என்றால் சைக்கிள் : ? தெரிவுகள் சில்லு, பெடல், மணி, இருக்கை. "துடுப்பு வள்ளத்தோடு சேர்ந்தது" என்று நினைத்தால் நான்கும் பொருந்தும். வசனத்தை இறுக்குங்கள். "வள்ளத்தை நகர்த்த மனிதன் துடுப்பில் வலுவைக் கொடுக்கிறான்." இப்போது பெடல் மட்டும்தான் நிற்கும். இரண்டு விடை சரியாகத் தெரிந்தால், உங்கள் வசனத்தில் ஒரு வினைச்சொல் குறைகிறது என்று பொருள்.

பொருந்தாததில் இதற்கு நேர்மாறு. கணவாய், இறால், நண்டு, சூரை. கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதில் ஆயிரம் வித்தியாசம் தெரியும். ஒருவர் நண்டு என்றார், அது பக்கவாட்டில் நடக்கும். இன்னொருவர் கணவாய் என்றார், அது மை விடும். இரண்டும் உண்மை. ஆனால் தேட வேண்டியது ஒன்றின் தனித்தன்மையை அல்ல, மற்ற மூன்றுக்கும் பொதுவான ஒன்றை. கணவாய், இறால், நண்டு மூன்றுக்கும் முள்ளந்தண்டு இல்லை, சூரைக்கு உண்டு. மூன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு கிடைத்தால்தான் நாலாவது வெளியே நிற்கும்.

அறிகுறி: 'எல்லா', 'சில' வந்தால் குழப்பம்

மீனவர் எல்லாரும் நீந்துவர். மாணவர் சிலர் நீந்துவர். ஆகவே மாணவர் சிலர் மீனவர். இது சரியா? எங்கள் ஊரில் படித்துக்கொண்டே கடலுக்குப் போகும் பிள்ளைகளை எல்லாருக்கும் தெரியும், அதனால் "சரி" என்று குறித்துவிடுகிறார்கள். ஊரில் அது உண்மையாக இருக்கலாம், ஆனால் தந்த இரண்டு வசனத்திலிருந்து அது வராது. நீந்துவோர் என்று ஒரு பெரிய வட்டம் போடுங்கள், அதற்குள் மீனவர் வட்டம். மாணவர் வட்டத்தைப் பெரிய வட்டத்தில் பாதி உள்ளே, மீனவரைத் தொடாமல் வரையலாமா? வரையலாம். அப்படி ஒரு படம் வரைய முடிந்தாலே அந்த முடிவு கட்டாயமில்லை. வெளி அறிவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு இந்தப் பகுதிக்குள் போங்கள்.

அறிகுறி: திசை வினாவில் தலை சுற்றுகிறது

மற்றக் கரையோர ஊர்கள் பலவற்றில் கடல் ஒரு பக்கம்தான், அதை வைத்தே திசை சொல்லிவிடுவார்கள். திருகோணமலை நகரத்தில் கிழக்கேயும் கடல், மேற்கே உட்துறைமுகம். "கடல் பக்கம்" என்பது நமக்குத் திசை அல்ல. கோணேசர் கோயில் மலையில் நின்று சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? முகம் அப்போது கிழக்கே, இடக்கை வடக்கே, வலக்கை தெற்கே. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வரையுங்கள், மனதில் நடக்காதீர்கள். வடக்கே 4 கிலோமீற்றர், வலம் திரும்பி 3, மீண்டும் வலம் திரும்பி 8. கோடு போட்டால் தொடங்கிய இடத்திலிருந்து கிழக்கே 3, தெற்கே 4. ஆகவே 5 கிலோமீற்றர், தென்கிழக்கு. தெற்கே பார்த்து நிற்பவருக்கு வலம் மேற்கு என்பதில்தான் பலர் விழுகிறார்கள். அங்கே தாளைத் திருப்புங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அறிகுறி: உருவ வினா எனக்கு வராது

மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஒரு கட்டம் வெறுமையாக இருக்கும் வினா பலரைப் பயப்படுத்துகிறது. ஜோன் ரேவன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1938இல் வெளியிட்ட சோதனையால் பரவிய வகை இது. மொழி தெரியாதவருக்கும் கொடுக்கலாம் என்பதால்தான் இவ்வளவு பயன்படுகிறது. தமிழ் மூலம் எழுதும் நமக்கு இது வசதி: மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லாத பகுதி இதுதான்.

முழு உருவத்தையும் ஒரே பார்வையில் பிடிக்க முயல்வதுதான் பிழை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். முதலில் எண்ணிக்கை: கோடு எத்தனை, புள்ளி எத்தனை. அப்புறம் நிறம் தீட்டியது. அப்புறம் திரும்பும் கோணம். ஒவ்வொன்றுக்கும் தெரிவுகளில் ஒன்றிரண்டு விழும், மிஞ்சுவது விடை.

மடித்து வெட்டும் தாள், பெட்டியாக மடியும் வலை (பெட்டியை விரித்த வடிவம்), இவற்றுக்குக் கையில் உண்மையான தாள் வேண்டும். விறாந்தையில் ஒரு தங்கச்சி மூன்று மாதமாகப் பெட்டி வினா ஒவ்வொன்றிலும் பிழைத்தார். ஒரு நாள் பழைய கலண்டர் தாளை ஆறு சதுரமாகச் சிலுவை வடிவில் வெட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு முகத்திலும் பூ, நட்சத்திரம், மீன் என்று வரைந்தார். மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். கொஞ்ச நேரத்தில் தலை நிமிராமலே, "ஒரே வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்று இருக்கிறதுதான் எதிர்முகம்" என்றார். நான் பல தரம் சொன்ன விதிதான். அவருடைய விரல் கண்டுபிடித்த பிறகு மறக்கவே இல்லை.

கண்ணாடியில் தெரியும் மணிக்கூட்டுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் 3:40 என்றால் 11:60இலிருந்து கழியுங்கள். உண்மை நேரம் 8:20.

அறிகுறி: வினாவே விளங்கவில்லை

'வா' அதிகம் உள்ளவர்களுக்கு இது. "பின்வருவனவற்றுள் பொருத்தமற்றது அல்லாதது எது" போன்ற வசனம் வந்தால் அப்படியே செய்யாதீர்கள். 'அற்றது', 'அல்லாதது', 'தவிர', 'ஒருபோதும்' போன்ற சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். இரண்டு மறுப்பு இருந்தால் இரண்டையும் வெட்டி, "பொருத்தமானது எது" என்று ஓரத்தில் எழுதிவிட்டுச் செய்யுங்கள். நீண்ட வினாவில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன கேட்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும்.

விண்ணப்பத்தில் தெரிவு செய்த மொழி மூலத்தைப் பிறகு மாற்ற விட மாட்டார்கள். ஆகவே தமிழ் மூலம் எழுதப்போகிறவர் தமிழ் வினாத்தாளிலேயே பழகுங்கள். ஆங்கிலக் காணொளி பார்த்து வழி படித்தால், அதே வினாவைத் தமிழில் நீங்களே எழுதிப் பாருங்கள். விகிதம், வீதம், சராசரி, இடையம், ஆரை போன்ற சொற்கள் மண்டபத்தில் புதிதாகத் தெரியக் கூடாது.

அறிகுறி: விடை தெரியும், புள்ளி வரவில்லை

இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு போட்டிப் பரீட்சையில் 17ஆம் வினாவை விட்டுவிட்டு 18ஐச் செய்தேன். புள்ளடியை 17இல் போட்டேன். அங்கிருந்து எல்லாம் ஒரு வரி மேலே. 41இல்தான் தெரிந்தது. அழித்துத் திருத்துவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை, அன்று வீட்டுக்கு வந்து அழுததும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு. ஒவ்வொரு ஐந்து வினாவுக்கும் ஒரு தரம் விரலை விடைத்தாளில் வைத்து, வாய்க்குள் இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். விட்ட வினாவுக்கு வினாத்தாளில் வட்டம் போடும்போதே விடைத்தாளிலும் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், பிறகு அழிறப்பரால் அழித்துவிடலாம். புள்ளடியா, இலக்கம் எழுதுவதா, பேனையா பென்சிலா என்பது பரீட்சைக்குப் பரீட்சை மாறும். முதல் பக்க அறிவுறுத்தலை நேரம் கொடுத்து வாசியுங்கள்.

அதே பக்கத்தில் பிழையான விடைக்குப் புள்ளி கழிப்பார்களா என்பதும் இருக்கும். கழிக்காவிட்டால் ஒரு வினாவையும் வெறுமையாக விடாதீர்கள். ஐந்து தெரிவு உள்ள வினாவுக்குக் கால் புள்ளி கழித்தால், கண்ணை மூடிக் குறிப்பதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் இரண்டு தெரிவை உறுதியாக வெட்ட முடிந்தால் ஊகிப்பது இலாபம்.

அறிகுறி: வீட்டில் 38, மண்டபத்தில் 25

வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள் என்று பாருங்கள். இரவு பத்து மணி, காற்றாடிக்குக் கீழே, தேநீரோடு, பக்கத்தில் போன். பரீட்சையோ காலையில், வேர்வையில், ஆடும் மேசையில். கடைசி மூன்று வாரம் பரீட்சை நேரத்திலேயே செய்யுங்கள். போனை அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். விறாந்தையில் நாங்கள் காகச் சத்தத்தையும், வேலிக்கு வெளியே வந்து நிற்கும் மானையும் விரட்டுவதில்லை. சத்தத்துக்கு நடுவில் வாசித்துப் பழகினால்தான் மண்டபத்தில் கதிரை இழுபடும் சத்தம் உறுத்தாது.

முதல் வினா விளங்காமல் நெஞ்சு படபடத்தால், அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். உங்களுக்கு நன்றாக வரும் வகையில் மூன்று வினா தேடிச் செய்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வரிசையாகத்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை.

அறிகுறி: "எனக்கு மூளை அவ்வளவுதான்"

இதைச் சொல்லாதீர்கள். இந்த மாதிரிச் சோதனைகளுக்கு வழி காட்டியது 1905இல் பாரிஸில் அல்பிரட் பினேயும் தியோடர் சைமனும் உருவாக்கிய சோதனை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அதைச் செய்தார்கள். அறிவு பிறப்பிலேயே அளந்து வைத்த ஒன்று, கூட்ட முடியாது என்று சொன்னவர்களைப் பினே 1909இல் வெளிப்படையாக மறுத்தும் எழுதினார். 28 எடுத்த தம்பி நினைவிருக்கிறதா? அவருடைய கொப்பியில் 'வ' போட்ட வினாக்களில் பெரும்பாலானவை இரண்டே வகை, பின்னல் தொடரும் பெட்டியும். ஒரு மாதம் அந்த இரண்டை மட்டும் செய்தார். அடுத்த தாளில் 36.

அறிகுறி: பரீட்சைக்கே சரியாகப் போய்ச் சேர முடியவில்லை

இதுவும் புள்ளி இழப்புத்தான். அரசாங்கப் போட்டிப் பரீட்சை அறிவித்தல்கள் அரசாங்க வர்த்தமானியில் வெள்ளிக்கிழமைகளில் வரும். அதைப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்குங்கள், முகநூலில் யாராவது போடும் வரை காத்திருக்காதீர்கள். அனுமதி அட்டை கிடைத்த அன்றே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தச் சொல்லியிருந்தால் அதிபரையோ சமாதான நீதவானையோ அந்த வாரமே சந்தியுங்கள்.

வெருகல், மூதூர், புல்மோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. பரீட்சை மாரியில் வந்தால் அன்று காலை பஸ்ஸை நம்பாதீர்கள். கார்த்திகை மார்கழியில் தண்ணீர் ஏறினால் வீதி மூடப்படும். முதல் நாளே நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். அன்று பின்னேரமே பரீட்சை நிலையத்தின் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பரீட்சை முடிந்து பஸ்ஸில் ஏறியவுடன் கொப்பியை எடுங்கள். விடை சரியா பிழையா என்று கூட்டாளிகளோடு கதைப்பதை வைத்துவிட்டு, எந்த வகை எவ்வளவு நேரம் எடுத்தது, எங்கே வட்டம் போட்டீர்கள், எந்த எழுத்து எத்தனை என்று எழுதுங்கள். கிண்ணியாப் பாலம் வருவதற்குள் எழுதி முடிக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி மறந்துவிடும்.